என் பணம் எங்கடா இருக்கு? - ஒரு பச்சை அட்டையின் சரித்திரம்

போன மாதம் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். மதுரைப் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நவி மும்பையில் எங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே திடீரென்று கேட்டார்: "ஏன்டா, பேங்க்ல போட்ட என் பணம் இப்ப நிஜமா எங்க இருக்கு?"

வங்கிக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. கடனாகப் போயிருக்கிறது, சி.ஆர்.ஆர்., எஸ்.எல்.ஆர். என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அது இல்லை. பாங்க் ஆஃப் மதுராவில் கணக்கு வைத்திருந்தவர் அவர். அந்த நாளில் பெரிய பேரேடு இருக்கும், அதில் அவர் பெயர் போட்ட ஒரு பக்கம் இருக்கும், கிளார்க் அதைப் புரட்டிப் பதிவு போடுவதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்திருக்கிறார். 2001ல் அந்த வங்கி ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய பாஸ்புக் மட்டும் இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது. அந்தப் பேரேட்டுப் பக்கம் இப்போது எங்கே என்பதுதான் கேள்வி.

அடியேன் பி.காம். 2004ல் அதிகாரியாகச் சேர்ந்தவன். கிளைகளை எல்லாம் கோர் பேங்கிங்குக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம். "கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார்கள். எக்செல் தெரியும் என்ற தைரியத்தில் தூக்கினேன். தூக்கிய கையை இன்றுவரை இறக்க விடவில்லை :-) ஆகவே இந்தப் பதிவில் சொல்லப்போவது எஞ்சினியர் சொல்கிற கதை இல்லை. டேட்டா சென்டரில் எஞ்சினியர்கள் பக்கத்தில் பல வருடம் நின்றவன் சொல்கிற கதை.

சித்தப்பாவின் பக்கம் டிஸ்க்குகள் அடுக்கிய ஒரு பெரிய பெட்டியில் இருக்கிறது. கணக்குப் போடும் சர்வர் வேறு பெட்டி, வேறு வரிசை. ஆனால் அந்த சர்வருக்கு, டிஸ்க் தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாகத்தான் நினைப்பு. அப்படி நினைக்க வைப்பது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பச்சை அட்டை. ஹோஸ்ட் பஸ் அடாப்டர், சுருக்கமாக எச்.பி.ஏ. அட்டைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவே துபாஷி வேலை பார்ப்பது டிரைவர் என்ற மென்பொருள். நாற்பது வருஷ சரித்திரம் உள்ள ஜோடி இது. யாரும் எழுதிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

ஆரம்பம் ஸ்கஸி. 1980ஐ ஒட்டிய வருடங்களில் ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்ற டிஸ்க் கம்பெனி சாஸி என்று ஒரு இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. அதை வளர்த்து 1986ல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி ஸ்கஸி என்ற பெயரில் தரமாக்கியது. சாஸியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான லாரி பௌச்சர் வெளியே வந்து 1981ல் அடாப்டெக் கம்பெனியைத் தொடங்கினார். 90களில் சர்வர் பார்த்தவர்களுக்கு அடாப்டெக் கார்டு என்றால் தெரியாமல் இருக்காது.

ஸ்கஸியின் பெரிய விஷயம், டிஸ்க்கின் உள்விவகாரம் எதுவும் சர்வருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதுதான். 'இத்தனாவது பிளாக்கைக் கொடு', 'இதை எழுது' என்றால் போதும். பெரிய சங்கடம் கேபிள். தட்டையான பட்டையான கேபிளில் முதலில் மொத்தம் எட்டு சாதனங்கள், அதில் ஒன்று கார்டே. பிறகு பதினாறு ஆனது. நீளமோ சில மீட்டர்தான். வரிசையின் கடைசியில் டெர்மினேட்டர் என்று ஒரு மூடி போட வேண்டும். அதை மறந்தால் டிஸ்க் தெரியும், மறையும், மறுபடி தெரியும். கிளையில் ஒரு சர்வர், அதற்குள் நாலு டிஸ்க் என்று இருந்தவரை இது போதுமாக இருந்தது.

எல்லாக் கிளையின் பேரேட்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் எப்படிப் போதும்? டிஸ்க் பெட்டியைத் தனியே வைக்க வேண்டும், பல சர்வர்கள் அதைப் பங்கு போட வேண்டும், ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு வந்ததுதான் ஃபைபர் சேனல். 1988ல் வேலை ஆரம்பித்து 1994ல் தரமானது. ஒரு சின்ன வேடிக்கை: கண்ணாடி இழைக்காக ஆரம்பித்ததைப் பிறகு தாமிரக் கம்பியிலும் ஓட்டலாம் என்றார்கள். கம்பியில் ஓடுவதை எப்படி இழை என்பது? அதனால் அமெரிக்கர்கள் 'இ-ஆர்' என்று முடிக்கும் சொல்லை பிரிட்டிஷ்காரர்கள் போல 'ஆர்-இ' என்று முடித்து, இது வேறு சொல் என்று சொல்லிவிட்டார்கள். கமிட்டி என்றால் எல்லா ஊரிலும் கமிட்டிதான்.

ஃபைபர் சேனலில் கேபிள்தான் மாறியது. அதற்குள்ளே போன பேச்சு பழைய ஸ்கஸிதான். அதனால் மேலே இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தையோ டேட்டாபேஸையோ மாற்ற வேண்டியிருக்கவில்லை. 'டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது' என்ற பொய்யை டிரைவர் கீழே காப்பாற்றிக்கொண்டது. ஆரம்பத்தில் லூப் என்று எல்லோரையும் வளையமாகக் கட்டினார்கள். அதில் புதிதாக ஒருவர் நுழைந்தாலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ப்ரோகேட் போன்றவர்களின் சுவிட்சுகள் பரவிய பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

இதில் என்னைக் கவர்ந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சாதாரண நெட்வொர்க்கில் நெரிசல் வந்தால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடலாம், மறுபடி அனுப்பிக்கொள்வார்கள். டிஸ்க் விஷயத்தில் அந்த அலட்சியம் கட்டுப்படி ஆகாது. ஃபைபர் சேனல் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கிரெடிட் லிமிட்! நிஜமாகவே அதன் பெயர் பஃபர் கிரெடிட்தான். இணைப்பு கிடைத்தவுடன் எதிர்ப்பக்கம் 'என்னிடம் இத்தனை ஃபிரேம் வைக்க இடம் இருக்கிறது' என்று சொல்லிவிடும். அதுதான் உங்கள் லிமிட். ஒரு ஃபிரேம் அனுப்பினால் ஒன்று குறையும். அங்கே இடம் காலியாகி 'ரெடி' என்று பதில் வந்தால் ஒன்று கூடும். லிமிட் பூஜ்யமானால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஓவர்டிராஃப்ட் கிடையாது, மேனேஜரைப் பார்த்துப் பேசிக்கொள்ளவும் முடியாது. கேஷ் கிரெடிட் கணக்கு பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் உடன் வேலை பார்த்த எஞ்சினியர்கள் அரை மணி நேரம் படம் போட்டதை நான் ஒரே வரியில் புரிந்துகொண்டேன்.

தூரம் கூடினால் லிமிட்டும் கூட வேண்டும், ஏனென்றால் 'ரெடி' திரும்பி வர நேரமாகும். முழு அளவு ஃபிரேமாக இருந்தால், 2 கிகாபிட் வேகத்தில் உத்தேசமாக ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிரெடிட். 4 கிகாபிட்டில் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்று. ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு டேட்டா சென்டர் வைத்தவர்களில் இதைக் கணக்குப் போடாதவர்கள், காசு கொடுத்து வாங்கிய லைன் பாதி சும்மா இருப்பதைப் பார்த்திருப்பார்கள். இன்னொன்று. 'ரெடி' சொல்லத் தாமதிக்கும் ஒரே ஒரு சோம்பேறி சர்வர் இருந்தால், அதற்குப் போக வேண்டிய ஃபிரேம்கள் சுவிட்சில் தேங்கி மற்றவர்களையும் இழுத்துப் பிடிக்கும். வாராக்கடன் ஒரு கிளையோடு நிற்காது என்று நமக்குத் தெரியாதா என்ன.

சரி, கார்டு செய்தவர்கள் யார்? பெரும்பாலும் இரண்டு பேர். எமுலெக்ஸ், க்யூலாஜிக். எமுலெக்ஸ் 1979ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. க்யூலாஜிக் யாரோ இல்லை, 90களின் முதல் பாதியில் அதே எமுலெக்ஸிலிருந்து பிரிந்து போன பிரிவுதான். பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி எதிரெதிரே கடை போட்ட மாதிரி, அடுத்த இருபது வருஷம் ஒரே சந்தைக்கு அடித்துக்கொண்டார்கள். மூன்றாவதாக ஜேஎன்ஐ என்று ஒரு கம்பெனி சன் சர்வர்களில் நல்ல பெயரோடு இருந்தது. 2003ல் அதை ஏஎம்சிசி வாங்கியது.

2000ல் இந்த எமுலெக்ஸ் பங்குக்கு வந்த சோதனையை வணிகவியல் படித்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டாட்காம் மோகம். எல்லோருக்கும் ஸ்டோரேஜ் வேண்டும், பங்கு விலை 100 டாலருக்கு மேல். கலிபோர்னியாவில் 23 வயது மாணவன் ஒருவன் விலை இறங்கும் என்று நம்பி 3000 பங்குகளை ஷார்ட் அடித்திருந்தான். விலை ஏறியது. கிட்டத்தட்ட 97,000 டாலர் நஷ்டம். தம்பி ஏற்கெனவே செய்தி அறிக்கைகளை வெளியிடும் ஒரு இணைய நிறுவனத்தில் வேலை பார்த்தவன், உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரியும். ஆகஸ்ட் 25ஆம் தேதி காலை, எமுலெக்ஸ் தலைவர் ராஜினாமா, லாபக் கணக்கைத் திருத்தி எழுதுகிறார்கள், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விசாரிக்கிறது என்று ஒரு போலி அறிக்கை வெளியானது. செய்தி நிறுவனங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. கொஞ்ச நேரத்தில் விலை 43 டாலர். 220 கோடி டாலர் சந்தை மதிப்பு ஆவி. நாஸ்டாக் வர்த்தகத்தை நிறுத்தி, பொய் என்று தெரிந்தபின் விலை அன்றே பெருமளவு திரும்பிவிட்டது. ஆனால் இடையில் பயந்து விற்றவர்கள் விற்றவர்கள்தானே. தம்பிக்குக் கிடைத்த லாபம் சுமார் 2,41,000 டாலர். ஒரு வாரத்துக்குள் பிடித்துவிட்டார்கள். 2001ல் 44 மாதம் சிறைத் தண்டனை.

ஒவ்வொரு ஃபிரேமும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் கார்டைச் செய்கிற கம்பெனியை, யாருமே சரிபார்க்காத ஒரு பக்க அறிக்கை கவிழ்த்தது. எங்கள் பயிற்சிக் கல்லூரியில் மேக்கர்-செக்கர் பாடத்துக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது. யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

டிரைவர் பக்கம் வருவோம். 2000களின் தொடக்கத்தில் இந்தக் கார்டுகளோடு குடும்பம் நடத்துவது லேசாக இருக்கவில்லை. சோலாரிஸில் ஒரு புது டிஸ்க்கைக் காட்ட வேண்டுமானால், எந்த டார்கெட், எந்த லன் என்று கான்ஃபிக் கோப்பில் வரி வரியாக எழுதிவிட்டு ரீபூட் செய்ய வேண்டும். பேங்க் சர்வரை ரீபூட் செய்ய ஞாயிற்றுக்கிழமை இரவு வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க் டிரைவர்களுக்கு அடித்தளமாக ஸ்கஸிபோர்ட் என்று ஒன்று இருந்தது. அது பழைய பட்டைக் கேபிள் காலத்து மனசோடு, ஒரு கார்டுக்கு 254 கோரிக்கைதான் நிலுவையில் இருக்கலாம் என்றது. விண்டோஸ் சர்வர் 2003ல் ஸ்டோர்போர்ட் வந்து அதை ஒரு லன்னுக்கு 254 என்று ஆக்கியது. லினக்ஸில் முதலில் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நாமே போட வேண்டும். பிறகு 2004, 2005 வாக்கில் க்யூலாஜிக்கின் க்யூஎல்ஏ2எக்ஸ்எக்ஸ்எக்ஸ், எமுலெக்ஸின் எல்பிஎஃப்சி இரண்டும் கெர்னலோடு சேர்ந்தே வர ஆரம்பித்தன.

இது வசதிதான். அதிலும் ஒரு கண்ணி இருந்தது. அதில் காலை விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2012. எந்த வங்கி, யாருடைய கார்டு என்பதெல்லாம் வேண்டாம். பென்ஷன் வரவு வைக்கும் பேட்ச் ஓடுகிற சர்வர். அதில் விதிப்படி இரண்டு கார்டுகள், இரண்டு தனித்தனி சுவிட்சுகள், இரண்டு வழிகள். ஒன்று போனால் இன்னொன்று என்று பார்த்துக்கொள்ள மல்டிபாத் மென்பொருள். கார்டு ஒன்று பழைய மாடல். மற்றது முன்பு ஒரு முறை பழுதாகி மாற்றப்பட்டதால் புது மாடல். புதுசுக்குக் கம்பெனி டிரைவரைத் தனியாகப் போட்டிருந்தார்கள். பிறகு ஒரு செக்யூரிட்டி பேட்சுக்காக கெர்னலை மாற்றினார்கள். பூட் ஆகும்போது படிக்கிற இனிட்ஆர்டி கோப்பில் கம்பெனி டிரைவரைச் சேர்த்துக் கட்ட மறந்துவிட்டார்கள். கெர்னலோடு வந்த டிரைவர் ஏறிக்கொண்டது. அதற்குப் பழைய கார்டைத் தெரியும். புது கார்டின் எண் அதன் பட்டியலிலேயே இல்லை.

டிரைவருக்குத் தெரியாத கார்டு சர்வருக்கு இல்லாத கார்டு. எர்ரர் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. மல்டிபாத் ஒற்றை வழியில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. யாரும் என்றால் நானும்தான். காலையில் வருகிற அறிக்கையில் 'டிஸ்க் ஓகே' என்று இருக்கும், கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

மாதக் கடைசி இரவு பதினோரு மணிக்குப் பழைய கார்டு செத்தது.

டேட்டாபேஸ் காலடியில் தரை இல்லாமல் விழுந்தது. என்னைக் கூப்பிட்டபோது மணி 11.40. ஸ்பேர் கார்டு இருந்தது, சொருகினார்கள். ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு எண் உண்டு, வேர்ல்ட் வைடு நேம் என்பார்கள், பதினாறு இலக்கம். எமுலெக்ஸ் பலவற்றில் 10:00:00:00:சி9 என்று ஆரம்பிக்கும், க்யூலாஜிக் பலவற்றில் 21:00:00:ஈ0:8பி. சுவிட்சிலும் டிஸ்க் பெட்டியிலும் அந்த எண்ணை மாதிரிக் கையெழுத்து போலப் பதிந்து வைத்திருப்பார்கள். புது கார்டு, புது எண், அதாவது புது கையெழுத்து. பேரேட்டைக் காட்ட மாட்டேன் என்றது பெட்டி. சரியாகத்தான் சொன்னது. கையெழுத்து மாறினால் நாங்களும் பணம் தர மாட்டோம். அந்தப் பதிவை மாற்ற அதிகாரம் உள்ளவர் ஊருக்குப் போகும் ரயிலில், சிக்னல் இல்லாத இடத்தில்.

விடியற்காலை மூன்றுக்கு சென்னையிலிருந்து ஒரு பையன் போனில் வந்தான். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "சார், இன்னொரு கார்டு இருக்கணுமே, அது எங்க?" என்றான். அதுவரை அறையிலிருந்த ஆறு பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. பிசிஐ பட்டியலைப் போட்டுப் பார்த்தால் கார்டு தெம்பாக உட்கார்ந்திருக்கிறது, அதை ஓட்ட டிரைவர் இல்லை. அதன் எண் சுவிட்சிலும் பெட்டியிலும் ஏற்கெனவே பதிந்துதான் இருந்தது. சரியான டிரைவரை வைத்து இனிட்ஆர்டி கட்டி, சர்வரைக் கிளப்பி, டேட்டாபேஸ் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்தபோது மணி ஐந்தரை. பென்ஷன் பேட்ச் 9.40க்கு முடிந்தது. பத்து மணிக்குக் கிளைகள் திறந்தன. வாசலில் பாஸ்புக்கோடு நின்றவர்களுக்கு எதுவும் தெரியாது. எனக்கு மட்டும் அன்று முழுக்கக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பையனை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 2004ல் ஐஸ்கஸி தரமானபோதும், 2009ல் எஃப்சிஓஇ வந்தபோதும் ஃபைபர் சேனலுக்குச் சங்கு ஊதியாயிற்று என்றார்கள். எஃப்சிஓஇ என்பது ஃபைபர் சேனலை ஈதர்நெட்டுக்குள் வைத்து அனுப்புவது, ஒரே கார்டு, ஒரே கேபிள் போதும் என்ற வாக்குறுதி. பெரிதாக எடுபடவில்லை. ஃபைபர் சேனலோ 1 கிகாபிட்டிலிருந்து 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே வந்தது. 2017ஐ ஒட்டி, அதே கார்டில் அதே டிரைவர் வழியாக என்விஎம்இ என்ற புது மொழியும் பேச ஆரம்பித்தது. ஸ்கஸிக்கு முதல் நிஜப் போட்டி அதுதான்.

அண்ணன் தம்பி கடைகள் என்ன ஆயின? 2009ல் ப்ராட்காம் எமுலெக்ஸை வாங்க வந்தது. பங்குக்கு 9.25 டாலர் என்று ஆரம்பித்து 11 வரை ஏற்றியது. முடியாது என்றது எமுலெக்ஸ் நிர்வாகம். 2015ல் அவாகோ என்ற கம்பெனிக்குப் பங்கு 8 டாலருக்குப் போனது. அதோடு முடிந்ததா? 2016ல் அந்த அவாகோ ப்ராட்காமையே வாங்கி, தன் பெயரையும் ப்ராட்காம் என்று மாற்றிக்கொண்டது. 11 டாலர் கொடுத்தும் போக மாட்டேன் என்ற வீட்டுக்கு 8 டாலரில், சுற்று வழியாகப் போய்ச் சேர்ந்தது எமுலெக்ஸ். க்யூலாஜிக்கை 2016ல் கேவியம் வாங்க, 2018ல் கேவியமை மார்வெல் வாங்கியது. ப்ரோகேட் சுவிட்சுகளும் 2017ல் ப்ராட்காமிடமே போயின.

கம்பெனிகள் போனாலும் டிரைவர் பெயர்கள் போகவில்லை. எல்பிஎஃப்சி என்பதில் எல்பி என்றால் லைட்பல்ஸ், எமுலெக்ஸ் தன் கார்டுகளுக்கு வைத்த பெயர். லினக்ஸ் கெர்னலில் அந்த டிரைவரின் மூலக் கோப்பைத் திறந்தால் தலைப்பில் ப்ராட்காம் உரிமை, அதன் கீழே எமுலெக்ஸ் உரிமை, வருடங்களோடு வரிசையாக இருக்கும். வீட்டுக் கடன் பிரிவில் மூலப் பத்திரம் பார்த்தவனுக்கு அந்தத் தலைப்பைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அப்படியே தெரியும். 2020 ஏப்ரல் ஒன்றில் ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத், சிண்டிகேட் என்று வங்கிப் பெயர்கள் ஒரே நாளில் போர்டிலிருந்து இறங்கியபோது எனக்கு இந்தக் கோப்பின் ஞாபகம்தான் வந்தது.

சித்தப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. காபி ஆறிவிடும். பேரேடு ஒரு பெட்டியில் இருக்கிறது, அங்கே போய்வர இரண்டு வழி வைத்திருக்கிறோம், ஒன்று அடைத்தால் இன்னொன்று என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டும் திறந்திருக்கான்னு யாருடா பாக்குறது?"

"நான்தான் சித்தப்பா. மாசம் பொறந்தா ஒண்ணாந்தேதி, அப்புறம் பதினஞ்சாந்தேதி."

"நடுவுல?"